படுக்கையறை உத்தரம் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இந்த வரியை எழுதும்வரை நானும் உன் அம்மாவும் நலம். அடுத்த வரிக்கு நான் பொறுப்பில்லை. அங்கே நீயும் நலமாக, தலைக்கு மேலே கனமாக எதுவும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

போனில் சொன்னால் நீ சிரிப்பாய், எனக்கு நாக்குக் குழறும், அதனால்தான் கடிதம். மாடியில் புதுத் தண்ணீர்த் தொட்டி வைத்ததும், படுக்கையறை இரும்பு உத்தரம் அதைத் தாங்குமா என்று உன்னிடம் கேட்டுத் தொலைத்தேன். பாலங்களைச் சோதிக்கிற மகளிடம் கேட்கிற கேள்வியா அது? நீயும் பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, நகத்தளவு ஸ்ட்ரெயின் கேஜ் ஒன்றை ஒட்டி, பக்கத்திலேயே ஒரு பெட்டியை மாட்டினாய். "பாரம் ஏறினா இரும்பு துளி நீளும்ப்பா, கண்ணுக்குத் தெரியாது, இது எண்ணாச் சொல்லும். முந்நூறைத் தாண்டினா கூப்பிடுங்க. சூட்டுக்கும் எண் ஏறும், அதைக் கழிக்க இன்னொண்ணு ஒட்டணும், அடுத்த தடவை வந்து ஒட்டுறேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினாய். என் காதில் நின்றது முந்நூறு மட்டும்தான்.

முதலில் எண் சாதுவாக இருபதில் கிடந்தது. மங்கலாகத் தெரிகிறதே என்று மேசை விளக்கை உத்தரத்திலேயே கவ்வவைத்து, ஸ்டூலில் ஏறிப் பார்க்க ஆரம்பித்தேன், வந்தது வினை. பார்க்கப் பார்க்க எண் ஏறுகிறது. தொட்டியைப் பாதி காலி செய்தேன், இறங்கவில்லை. முழுதாகக் காலி செய்தேன், இன்னும் ஏறியது. காலித் தொட்டிக்கே இப்படியென்றால் உத்தரத்துக்கு உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் சுமந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. பீரோவை வெளியே இழுத்தேன். "அது தரையிலதானே நிக்குது, உத்தரத்துலயா தொங்குது?" என்றாள் உன் அம்மா. உன் மாமா காற்று வாங்க மொட்டைமாடிக்குப் போனார். அவர் உடம்புதான் உனக்குத் தெரியுமே. "அசையாதீங்க மச்சான்! ஒவ்வொரு காலா எடுத்து வைங்க!" என்று கீழிருந்து அலறினேன். மனுஷன் கோபித்துக்கொண்டு போனவர்தான்.

இன்று இருநூற்றுத் தொண்ணூறு. உன் அம்மாவோ அதற்கு நேர் கீழே மதியத் தூக்கம் போடுகிறாள். கூடத்தில் படு என்று கெஞ்சினேன். "என் பொண்ணு ஒட்டிட்டுப் போனதுக்குக் கீழதான் படுப்பேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு. வீடு போனால் போகட்டும். அவளில்லாமல் இந்த வீட்டில் ஒரு டம்ளர் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. உடனே லீவு போட்டுவிட்டு வா. இல்லையென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு உன் மாமா வீட்டுக்குப் போகிறோம், அவர் சேர்த்துக்கொண்டால்.

நீ நீடூழி வாழவும், நீ ஒதுங்கும் கூரையெல்லாம் உறுதியாக நிற்கவும் ஆசீர்வதிக்கும்,
அப்பா

பி.கு.: உறையில் போடப்போகும்போது கரன்ட் போய் விளக்கு அணைந்தது. பெட்டி பேட்டரியில் ஓடுகிறதல்லவா, எண் மளமளவென்று இறங்கி இருபதுக்கும் கீழே வந்துவிட்டது. ஏறியதெல்லாம் என் விளக்குச் சூடு! உடனே ஸ்டூலில் ஏறி அதன் சுவிட்சையும் அணைத்துவிட்டேன். உத்தரம் கல்லுப்போல இருக்கிறது. நீ வர வேண்டாம், வேலையைப் பார். இதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "விளக்குச் சூடுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். இந்தக் கடைசித் துண்டைக் கிழிச்சுட்டு அனுப்புங்க. அப்பவாவது அந்த ரெண்டாவதை ஒட்ட வருவா." எனக்குப் பொய் வராது, கிழிக்கவில்லை. இப்போது கரன்ட் வந்துவிட்டது. அவளே ஸ்டூலில் ஏறி விளக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.