ஏப்ரன் கட்டிய ஆயர்

உலகத்தில் எத்தனையோ ஆயர்கள் இருக்கிறார்கள். ஆனால் தன்னுடைய உயரத் தொப்பியைக் கேக் பெட்டிக்குள் வைத்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டாம் வகுப்பு ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரின் நாயைத் தடவியபடி மறைமாவட்டம் முழுக்கச் சுற்றிவருகிற ஆயர் ஒருவர்தான். இதை எந்தக் கோர்ட்டில் ஏறியும் சொல்ல நான் தயார்.

ஜெர்மனியின் கிழக்குக் கோடியில், பாலம் தாண்டினால் போலந்து என்கிற இடத்தில் இருக்கிறது அவருடைய மறைமாவட்டம். நிலம் ஏராளம்; கத்தோலிக்கரைத்தான் தேடிப் பிடிக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இங்கேயே குருவாகி, கடைசியில் ஆயராகவும் ஆனவர். நியமனக் கடிதம் வந்தபோது விலாசம் மாறி வந்துவிட்டது என்று தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தாராம். எல்லையில் இருப்பதால் அவருக்கு 'எல்லைச்சாமி' என்று பெயர் வைத்தது வால்டோர்ஃபிலிருந்து வந்த ஒரு தமிழ்நாட்டு சாஃப்ட்வேர்க்காரர். யாரோ அதை அவரிடமே போய்ச் சொல்லிவிட்டார்கள்.

"நல்ல பேர்தான். ஆனா ஆடு வெட்டிப் படைச்சுப்போடாதேங்கோ, எனக்குக் கொலஸ்ட்ரோல் இருக்கு" என்றார்.

ஆயர் இல்லத்துக்குப் போன் செய்தால் அவரே எடுப்பார். "செயலாளரோடை கதைக்கலாமோ?" என்று கேட்டால், "பொறுங்கோ" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து எடுத்து, "ஓம், செயலாளர் கதைக்கிறன்" என்பார். குரலை மாற்றுகிற சிரமத்தைக்கூட எடுக்கமாட்டார். ஆயரைப் பார்க்க நேரம் குறித்து ஒரு டெர்மின் வேண்டும் என்றால், "ஆயர் சும்மாதான் இருக்கிறார், வாங்கோ" என்று பதில் வரும்.

செங்கோலை மூன்று துண்டாகக் கழற்றித் தூண்டில் பையில் வைத்துத்தான் கொண்டு திரிவார். ஒருநாள் பாலத்தில் போலீஸ் மறித்தது. பையைத் திறந்து பார்த்த போலீஸ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மேய்ப்பன்ரை கோல் எண்டன். அப்ப ஆடுகள் எங்கை எண்டு கேட்டான். அதைத்தான் தம்பி நானும் இத்தனை வருஷமாத் தேடுறன் எண்டன்" என்று எங்களுக்குச் சொல்லிச் சிரித்தார். அடுத்த பெரிய வெள்ளிக்கிழமை அந்தப் போலீஸ்காரர் கோயிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

இதெல்லாம் பரவாயில்லை. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் நேரே குசினிக்குள் போய், ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சட்டி பானை கழுவத் தொடங்கிவிடுவார். அதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். அதற்குக் காரணம் உண்டு.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் இருவரும் ஒரே உணவகத்தின் நிலவறையில் சட்டி கழுவினோம். அவருக்கு இடது தொட்டி, எனக்கு வலது தொட்டி. மூன்று வருடம் கழுவியபின் அவர் ஏப்ரனைக் கழற்றிவைத்துவிட்டுக் குருமடத்துக்குப் போனார். நான் ஒன்பது வருடம் கழுவினேன். அவர் அதைப் பிரசங்கத்திலேயே சொல்லுவார். நான் யாருக்கும் சொன்னதில்லை. என் மகளைத் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றில் கட்டிக்கொடுத்தபோது, மியூனிக்கில் பெரிய இன்ஜினியராக இருந்த சம்பந்தியிடம், "அந்தக் காலத்திலை நான் ஹோட்டல் நிர்வாகத்திலை இருந்தனான்" என்று கூசாமல் சொன்னேன்.

பேரனுக்கு ஞானஸ்நானம் வந்தது. ஆயரே வந்து கொடுப்பார் என்று கேள்விப்பட்டதும் சம்பந்திக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"எங்க ஊர்ல பிஷப் வந்தா பேண்டு வைப்போம் சார். இங்க என்ன அரேஞ்ச்மெண்ட்?" என்று தினமும் போன் செய்தார். பொன்னாடை, பூமாலை, வீடியோக்காரர், இருபத்திரண்டு உறவினர்கள் என்று மியூனிக்கே கிளம்பி வந்தது.

அன்று காலை மகளும் மருமகனும் வீட்டில் பிள்ளைக்கு உடுப்புப் போட்டு வெளிக்கிடுத்திக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு தயாராகிவிட்டது. அதைக் காட்டுவதற்காகச் சம்பந்தியைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு சிறிய கறுத்த மனிதர், கையை முழங்கைவரை மடித்துவிட்டு, பிரியாணிக் கிடாரத்துக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதல் ரயிலிலேயே வந்துவிட்டார்! என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "வாரும், பக்கத்துத் தொட்டி சும்மாதான் கிடக்கு" என்று வழக்கமாகச் சொல்லுவதைச் சொல்ல வாய் திறந்தார்.

"யாரு சார் இவரு?" என்றார் சம்பந்தி.

இவர் யார் என்று சொன்னால், எப்படிப் பழக்கம் என்று அடுத்த கேள்வி வரும்; என் ஒன்பது வருடமும் வெளியே வரும்.

"எனக்குத் தெரியாது. கேட்டரிங்காரர் உதவிக்குக் கூட்டிவந்த ஆள் போல" என்றேன்.

"ஏம்ப்பா, ரெண்டு காபி போட்டுக் கொண்டா. சக்கர கம்மியா."

எல்லைச்சாமி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். கையைத் துடைத்துக்கொண்டு, "ஓம், கொண்டுவாறன்" என்றார். தட்டத்தில் வைத்து இரண்டு காபி கொண்டுவந்தார். "நல்லா போட்டிருக்கப்பா" என்று சம்பந்தி அவர் தோளில் தட்டினார். நானும் குடித்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

ஒரு மணி நேரம் கழித்துக் கோயில் மணி அடித்தது. தொப்பி, செங்கோல், மோதிரம் சகிதம் ஆயர் வாசலில் வந்து நின்றார். வீடியோக்காரர் பின்பக்கமாக நடந்தபடி படமெடுக்க, சம்பந்தி பொன்னாடையை விரித்துக்கொண்டு முன்னேறினார். இரண்டடியில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார்... இவரு..."

"ஓம்" என்றேன்.

சம்பந்தி முழந்தாளில் விழுந்த சத்தம் பாடகர் குழுவரை கேட்டது. எல்லைச்சாமி குனிந்து அவரைத் தூக்கி, காதருகில் மெதுவாகக் கேட்டார்: "சீனி அளவா இருந்ததோ?"

பிரசங்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினார், கொஞ்சினார், ரயிலுக்கு நேரமாகிறது என்று கேக் பெட்டியோடு போய்விட்டார். ஆயர் தாழ்மையினால் வேடம் போட்டு வந்து நம்மைச் சோதித்தார் என்று சம்பந்தி இன்றுவரை மியூனிக் முழுக்கப் பெருமையடித்துத் திரிகிறார். வெட்கப்பட்டது நான் ஒருவன்தான். நாலு மாதம் அவர் கண்ணில் படாமல் ஒளித்துத் திரிந்தேன்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முன் ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். முதலில் ஒரு ஜெர்மன் சுவாமியிடம் போனேன். டாக்டரிடம் கதைக்க என்னிடம் ஜெர்மன் இருக்கிறது, வரி அலுவலகத்தில் கதைக்கவும் இருக்கிறது. இதைச் சொல்ல இல்லை. தட்டுத்தடுமாறிச் சொன்னதைக் கேட்டு, இந்த வயதில் ஆட்களை மறப்பது சகஜம் என்று அவர் ஆறுதல் சொன்னார். அந்த மறைமாவட்டத்தில் தமிழ் தெரிந்த சுவாமி ஒரே ஒருவர்தான்.

போய் முழந்தாளிட்டேன். பாவசங்கீர்த்தன ரகசியம் சுவாமிமாருக்குத்தான், நான் சொல்லலாம்.

"சுவாமி, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரைத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் எல்லைச்சாமி கதிரையை நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஓம், கேட்டது. என்னை விடும். ஆயரைத் தெரியாதெண்டு சொன்னா ஆயருக்கு ஒண்டும் குறையாது. நீர் இன்னொருத்தனையும் தெரியாதெண்டு சொல்லுறீர். கனகாலமாச் சொல்லுறீர்."

"ஆரை, சுவாமி?"

"வலது தொட்டியிலை நிண்ட பெடியனை. எனக்குக் காய்ச்சல் எண்டா என்ரை சட்டியளையும் சேர்த்துக் கழுவிப்போட்டு, முதலாளிக்கு மூச்சு விடாதவன். நல்ல பெடியன். எனக்கு அவனிலை சரியான விருப்பம்."

பாவமன்னிப்பைச் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு எழும்ப முடியவில்லை. நான் அழுத சத்தம் வெளியே கேட்டிருக்கும். அந்தப் பக்கமும் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

இது அச்சாகிற பத்திரிகை மியூனிக்கில் என் சம்பந்தி வீட்டுக்கும் போகிறது. வாசிக்கட்டும். வலது தொட்டியில் நின்ற பெடியன் நான்தான். இடது தொட்டியில் நின்றவரை எனக்கு நன்றாகத் தெரியும்.