பத்து மதிப்பெண் கேள்வி

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீடும் இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அண்ணனுடைய இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுதுகிறேன், தப்பு இருந்தால் திட்டிக்கொண்டே படியுங்கள்.

துக்கத்துக்கு வந்திருந்தபோது எல்லார் முன்னாலும் சொன்னீர்கள், "இவ ஒருத்தி தலைநகருக்கு வரமாட்டேன்னு அடம் பிடிச்சா. இவ போயிருந்தா என் தம்பி மேயர், வாத்தியார்னு எறங்கியிருக்க மாட்டான், மந்திரியா செத்திருப்பான்" என்று. மந்திரியாகச் செத்தாலும் செத்ததுதானே என்று வாய் வரை வந்தது, அழுகையோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். ஆனால் அண்ணி, நான் அடம் பிடிக்கவில்லை. எம்.எல்.ஏ.வாக இருந்த ஐந்து வருஷத்தில் உங்கள் தம்பி ஒருநாள்கூட என்னை வா என்று கூப்பிடவில்லை. புருஷன் கூப்பிடவில்லை என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டு, நான்தான் போகவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். ஏன் கூப்பிடவில்லை? அங்கே வேறு யாராவது இருந்தாளா, இல்லை நான் பக்கத்தில் நின்றால் அவருக்குக் கௌரவக் குறைச்சலா? அவர் இருந்தவரை கேட்கப் பயம். இப்போது கேட்க ஆளில்லை. தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் பழைய டிரைவரை வரச்சொன்னேன். காபி கொடுத்து, மெதுவாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்து, நேராகவே கேட்டுவிட்டேன். "அங்க யாரும்மா இருக்கப் போறா, கொசுதான் இருந்துச்சு" என்றார். "ஐயா சட்டசபை வாசல்ல எறங்கும்போது வயித்தைப் பிடிச்சுக்கிட்டே எறங்குவாரு. சாயங்காலம் சிரிச்ச முகமா வந்து, 'இன்னிக்கும் தப்பிச்சேன்பா'ம்பாரு." யாரிடமிருந்து தப்பித்தார் என்று இவர் கேட்கவே இல்லையாம். ஐந்து வருஷம் கேட்காமல் எப்படித்தான் வண்டி ஓட்டினாரோ.

அடுத்து, மேயர் ஆபீசில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் வீட்டுக்குப் போனேன். அவர் வேறு கதை சொன்னார். பொதுக் கழிப்பறையைத் திறந்து வைக்கப் போன இடத்தில், உள்ளே போனதும் கதவு பூட்டிக்கொண்டதாம், வெளியே ஜனம் நிற்கிறது, பூட்டுத் திறக்கிறவன் வரவில்லை, உள்ளே இருந்தபடியே அரைமணி நேரம் பேசினாராம். "அவர் பேசினதுலயே அதாம்மா நல்ல பேச்சு. ஒரு தடங்கல் இல்ல" என்றார் உதவியாளர். இதைக் கேட்டு எனக்கு என்னவோ உறைத்தது, முழுசாக உறைக்கவில்லை.

இப்படி இருக்கும்போது, கடைசியாக அவர் பாடம் நடத்திய கல்லூரியிலிருந்து குமாஸ்தா வந்தார். உங்கள் தம்பியிடம் திருத்தக் கொடுத்த விடைத்தாள் கட்டு நம் வீட்டில் இருக்கிறதாம். "சார் நல்லா நடத்துவாரும்மா. போர்டைப் பார்த்துக்கிட்டே நடத்துவாரு, திரும்ப மாட்டாரு, அவ்வளவுதான்" என்றார். நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டு, கூடத்தில் கட்டைப் பிரித்தேன். நாற்பத்தாறு தாள். எல்லாம் அவரே திருத்தி முடித்திருந்தார். கடைசிக் கேள்வி என்ன தெரியுமா? 'சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மீண்டும் போட்டியிடாமல் மேயராக விரும்பியது ஏன்? ஆராய்க. பத்து மதிப்பெண்.' யாரைப் பற்றி என்று நாற்பத்தாறு பேருக்கும் தெரியும். நான் கேட்க வேண்டியதை அவரே கேட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எழுத்துக் கூட்டிக் கூட்டி, இரண்டு நாள் குமாஸ்தாவைத் திருப்பி அனுப்பி, எல்லாம் படித்தேன். மக்கள் தொண்டு என்று எழுதியவர்களுக்கு ஐந்து. சொந்த ஊர்ப் பாசம் என்றவர்களுக்கு ஆறு. 'தலைநகரில் தண்ணீர் சரியில்லை' என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது, அதற்கும் மூன்று.

முப்பத்தெட்டாவது தாளில், 'மனைவி உடன் வர மறுத்ததால்' என்று இருந்தது. அதற்கு இரண்டுதான். பக்கத்தில் சிவப்பு மையில் அவர் கையெழுத்து: 'தவறு. அவள் மறுக்கவில்லை, நான் அழைக்கவில்லை. வந்தால் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். எழுந்து நின்று பேசப் பயந்து, நான் ஐந்து வருடம் வாயே திறக்கவில்லை என்பது தெரிந்துவிடும். கையெழுத்து அழகாக இருப்பதற்கு இரண்டு.'

அவ்வளவுதான் அண்ணி. எவளும் இல்லை, நானும் குறைச்சல் இல்லை. வீட்டில் என்னைப் பேசவிடாமல் பேசிய மனுஷர், அங்கே எழுந்து நிற்கப் பயந்திருக்கிறார். தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் சிரிப்பு நிற்கவில்லை, அப்புறம் அது சிரிப்பாக இல்லை. இனி அடம் பிடித்தாள் என்று என்னைச் சொல்லாதீர்கள். உறவுக்காரர்கள் எல்லாருக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. காலை நீட்டி உட்காருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். அந்தப் பிள்ளை பாவம், ஊரில் நான் பரப்பியதைத்தான் எழுதியிருக்கிறது. இரண்டு மதிப்பெண் போட்டால் பரீட்சையில் போய்விடும் என்றார் குமாஸ்தா. என் பொய்க்கு அது ஏன் தோற்க வேண்டும்? உங்கள் தம்பியின் சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டை அடித்துப் பத்து போட்டுவிட்டேன். அவர் எழுதியதை ஓரத்தோடு கத்தரித்து வைத்துக்கொண்டேன், கல்லூரியில் நாலு பேர் படித்து அவரை நினைத்துச் சிரிக்க வேண்டாம். யாராவது கேட்டால், அடம் பிடித்தவள் நான்தான் என்றே சொல்லுங்கள். நீங்கள் அதை நன்றாகவே சொல்வீர்கள்.