படிக்கும் முன் எடை போடவும்

பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, முற்பகல்

அன்பும் கண்டிப்பும் சம அளவில் கலந்த அக்கா அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, வக்கீல், கொசு ஆகிய நால்வரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மற்ற குறைகள் கீழே வருகின்றன. உங்கள் நலத்தையும், அத்தானின் முழங்கால் நலத்தையும், உங்கள் பள்ளிக்கூடத்து ஒழுங்கின் நலத்தையும் அறிய ஆவல். ஏழு வயதுப் பெரியவளுக்கு வக்கீல் என்றும் நாலு வயதுச் சின்னவளுக்குக் கொசு என்றும் பட்டம் சூட்டியது நீங்கள்தான் என்பதால் அவர்களைப் பற்றி முன்னுரை தேவையில்லை.

தொலைபேசியில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் நமக்குள் சண்டை வந்துவிடும் என்று, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடு. இருபதாம் தேதிக்குள்ள என் மேஜைக்கு வரணும். வரலன்னா அந்த ரெண்டு இடத்தையும் வரிசைல இருக்கிற பிள்ளைங்களுக்குக் குடுத்துடுவேன்" என்று தலைமையாசிரியைக் குரலில் சொன்னீர்கள். எழுத்தில் தருகிறேன். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் என்று நானும் என் மனைவியும் எடுத்த முடிவை வாபஸ் வாங்குகிறேன். இரண்டு இடங்களையும் எங்களுக்கே வைத்திருக்கவும். கடிதத்தை இத்தோடு முடித்திருக்கலாம்தான். ஆனால் ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். என் ஒன்றாம் வகுப்பிலிருந்தே கேட்டுவருகிறீர்கள். எழுத உட்காரும்போதே சகுனம் சரியில்லை. எடுத்து வைத்த மூன்று தாள்களையும் வக்கீல் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்குள் ஓடினாள், ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பித் தந்தாள், தனக்கென்று வேறு மூன்று தாள் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று விசாரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

வக்கீல் ஒரு நாளைக்கு நாற்பது கேள்வி கேட்கிறாள் என்று பழைய பள்ளியிலிருந்து புகார்ச் சீட்டு வந்ததும், அதைப் படித்த என் மனைவி, "நாப்பதுதானா? வீட்டுல இதைவிட அதிகமாச்சே, அங்க பாதியை முழுங்கிடறாளா?" என்று கவலைப்பட்டதும், அந்தக் கவலையில்தான் வீட்டுப்படிப்பு பிறந்ததும் உங்களுக்குத் தெரியும். விடிகாலையில் பஸ் ஓட்டப் போகிறவள் மதியம் திரும்பிவந்து எழுத்தும் கணக்கும் சொல்லித் தருவது என்றும், வீட்டு முன்னறையிலேயே தராசுப் பட்டறை வைத்திருக்கிற நான் காலையில் அறிவியல் பார்த்துக்கொள்வது என்றும் ஏற்பாடு. "நீங்க ஒண்ணும் சொல்லித்தரக்கூட வேணாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு நல்ல நல்ல அறிவியல் வீடியோ கொட்டிக் கிடக்குது. அதுல நாலு பாத்து எடுத்துப் போட்டுக் காட்டுங்க, போதும்" என்றாள். நாலு வீடியோ. இவ்வளவுதான் வேலை, அக்கா. கேட்கும்போது எனக்கும் சுலபமாகத்தான் இருந்தது.

முதல் நாள் சாப்பாடு வயிற்றுக்குள் போகும் வழியைப் பற்றி ஒரு வீடியோ போட்டேன். வாயும் கண்ணும் வைத்த ஒரு ரொட்டித்துண்டு பாட்டுப் பாடிக்கொண்டே தொண்டைக்குள் சறுக்கிப் போனது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் ஒரு தராசைக் கழற்றப் போனேன். அது முடிந்ததும் தானாகவே அடுத்ததற்குத் தாவி, ஒரு மலைப்பாம்பு ஓர் ஆட்டுக்குட்டியை முழுசாக விழுங்குவதைக் காட்டியிருக்கிறது. நான் திரும்பி வந்தபோது ஆட்டுக்குட்டியின் பின்னங்கால் மட்டும் வெளியே தெரிந்தது. அன்றிலிருந்து மூன்று நாள் கொசு ஒவ்வொரு வாய்க்கும் நிறுத்தி, "இப்ப எங்கப்பா இருக்கு? அது பாடுதா, உதைக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வாயைத் திறந்தாள். தட்டில் இட்ட சோறு இறங்க ஒன்றரை மணி நேரம். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் தர முடியாது.

அப்போதுதான் சபதம் போட்டேன். என் தொழில் என்ன? கடைத்தராசைச் சோதித்து, சரியாக இருந்தால் 'சோதிக்கப்பட்டது' என்று பச்சைச் சீட்டு ஒட்டுவது. முள் சொல்வதை நம்பாமல் எடைக்கல் வைத்துப் பார்க்கிற ஆள், வீடியோக்காரன் சொல்வதை மட்டும் எப்படி நம்பலாம்? இனிமேல் நான் முழுசாகப் பார்த்து, அதில் சொல்வதைச் செய்தும் பார்த்து, பச்சைச் சீட்டுக்குத் தகுதி என்று பட்டால்தான் பிள்ளைகள் கண்ணுக்குக் காட்டுவது. ஒரு பதிவேடு போட்டேன். நீளம், சத்தம், உண்மை, விளம்பரம், பயமுறுத்தல் என்று ஐந்து பத்தி. கதவைச் சாத்திக்கொண்டு, காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா, உலகத்தில் என்னென்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா? ஆக்டோபஸுக்கு மூன்று இதயமாம், ஒன்று போதாதென்று! நம்முடையது ஒன்றையே வைத்துக்கொண்டு நாம் இந்தப் பாடு படுகிறோமே, அது மூன்றை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்கப்போய் மதியம் ஆகிவிட்டது. பறவைக்கு எலும்பு உள்ளே காலியாக இருக்கிறதாம். வெள்ளிக் கோளில் ஒரு நாள் என்பது அதன் ஒரு வருஷத்தைவிட நீளமாம், உங்கள் பள்ளிக்கூடத்துக் கடைசி பீரியட் மாதிரி. வெளியே ஐந்து தராசு காத்துக் கிடந்தது. என் மனைவி வந்து கதவைத் தட்டினாள்.

"பிள்ளைங்க எங்கங்க?"

"வெளியதான் இருப்பாங்க. நான் அவங்களுக்காகத்தான் பாத்துட்டிருக்கேன்."

"ரெண்டும் குழாயடில உக்காந்து சொட்டு எண்ணிட்டிருக்குதுங்க. இப்ப யாருக்குங்க வீட்டுப்படிப்பு, உங்களுக்கா அவங்களுக்கா?"

அப்படியும் நான் தேர்வை நிறுத்தவில்லை. கோள்களை எல்லாம் ஒரே அளவில் கோலிக்குண்டு போல அடுக்கின வீடியோவை நிராகரித்தேன். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "அடேங்கப்பா!" என்று அலறுகிற இளைஞனை நிராகரித்தேன், அடேங்கப்பா சொல்ல வேண்டியது பார்க்கிறவர்கள் அல்லவா? காகிதம் எப்படித் தயாராகிறது என்று ஒரு பெரியவர் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே முணுமுணுக்கிற வீடியோ ஒன்று. உண்மைக்கு முழு மதிப்பெண், இருந்தாலும் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று அதையும் தள்ளினேன். தண்ணீரில் மிதக்கிற பனிக்கட்டி உருகினாலும் தம்ளரில் தண்ணீர் மட்டம் ஏறாது என்று ஒரு அம்மாள் சொன்னார். நம்ப மனம் வரவில்லை. தம்ளரில் கோடு போட்டுப் பார்த்தேன். ஏறவில்லை அக்கா! பதினோரு தடவை செய்தேன், பதினோரு தடவையும் ஏறவில்லை. அன்றைக்கு வீட்டில் குளிர்ந்த தண்ணீர் யாருக்கும் இல்லை.

அடுத்து எரிமலை. சமையல் சோடாவில் வினிகர் ஊற்றினால் நுரை பொங்குமாம். பொங்கட்டும், ஆனால் பொங்கினபிறகு எடை குறைகிறதா, அதை ஏன் ஒரு வீடியோவிலும் சொல்லவில்லை என்று எனக்குள் ஒரு குடைச்சல். கைக்கு எட்டின தூரத்தில் அப்போதுதான் சீட்டு ஒட்டிவைத்த காய்கறிக்கடைக்காரரின் தராசு இருந்தது. அதன்மேல் கிண்ணத்தை வைத்து ஊற்றினேன். எடை குறைந்தது, நிஜமாகவே குறைந்தது, வாயுவாகப் போய்விட்டது. அடேங்கப்பா என்று நான் கத்தின அதே நேரத்தில் கிண்ணம் பொங்கி நுரை தராசின் வயிற்றுக்குள் இறங்கியதும், காய்கறிக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றதும் நடந்தன. "என்னங்க இது, என் தராசு வாயில நுரை தள்ளுது?" என்றார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க, இனிமே இதுல தக்காளி நிறுத்தா காத்தோட எடையையும் சேத்து சொல்லுமா?" என்று கேட்டார். அவரை வழியனுப்பிவிட்டு வேறு இரண்டு கடைகளுக்கும் போய்த் தராசு கொடுத்து வந்தேன். போன இடத்திலெல்லாம் ஆட்கள் மரியாதையாகச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் முதுகில் 'சோதிக்கப்பட்டது'. கொசுவின் வேலை.

மூன்று வாரத்தில் நூற்று நாற்பத்து மூன்று வீடியோ பார்த்தேன். தேறியவை நாலு. நேற்றுக் காலை பிள்ளைகளை உட்கார வைத்து, ஏதோ பட்டமளிப்பு விழா போல, முதலாவதைப் போட்டேன். ஒரு விதை முளைத்து மண்ணைக் கீறி இலை விடுகிற படம், ஒன்றரை நிமிஷம். கொசு தூங்கிவிட்டாள். வக்கீல் கடைசிவரை பார்த்தாள்.

"இது நிஜத்துல எவ்ளோ நேரம்பா ஆகும்?"

"பத்து நாள்."

"மீதி நேரமெல்லாம் எங்க?"

"வெட்டிட்டாங்கம்மா. ஒண்ணுமே நடக்காதுல்ல, சும்மாதான் கிடக்கும்."

"வெட்டினதைப் பாக்காம, சும்மா கிடந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு என் பதிவேட்டில் பத்தி இல்லை. அவள் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாள். மிச்சம் மூன்று வீடியோவையும் நான் தனியாகத்தான் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது அக்கா, ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். மூன்று வாரமும் படித்தது நான் ஒருத்தன்தான். அவர்கள் குழாயில் சொட்டு எண்ணினார்கள். என் ஆர்வத்தில் என் பிள்ளைகளின் காலத்தை வீணாக்கிவிட்டேன். உங்களிடம் பாட அட்டவணை இருக்கிறது, மணி இருக்கிறது, ஆய்வகம்கூட இருக்கிறது. ஆகவே இரண்டு இடங்களையும் தயவுசெய்து வைத்திருங்கள். என் மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு வந்ததும் பேசிச் சரிக்கட்டுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கத்தையும், முழங்காலை மடக்காமல் உட்காரச் சொன்னேன் என்பதையும் சொல்லவும். உங்கள் கண்டிப்பு நீடூழி வாழ்ந்து என் பிள்ளைகளையாவது கரை சேர்க்கட்டும்.

தோற்று, பணிந்து,
உங்கள் தம்பி

பின்குறிப்பு: இன்று தேதி இருபத்து நான்கு. பதற வேண்டாம், எல்லாரும் நலம்.

திங்கட்கிழமை மேலே உள்ளதை எழுதி முடித்து உறையில் போட்டு ஒட்டினேன். "பிரிங்கப்பா" என்று வந்து நின்றாள் வக்கீல். எழுதுமுன் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடினாளே, அது எதற்குத் தெரியுமா? என் பட்டறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற நுண்தராசில் மூன்று தாளையும் எடை போட்டு நாள்காட்டியின் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறாள். எழுதினபிறகு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். பிரித்துப் போட்டோம். முப்பத்தெட்டு மில்லிகிராம். "இவ்ளோ நேரம் எழுதி இவ்ளோதானாப்பா?" என்றாள். மனசு புண்பட்டாலும் எண் சரியான எண்தான்.

மறுநாள் காலை தபாலில் போடக் கையில் எடுத்தேன். இன்னொரு தடவை பார்க்கலாம் என்றாள். கால் கிராம் கூடியிருந்தது! யார் வந்து எழுதினார்கள்? அன்றைக்குக் காலையிலிருந்து அடைமழை. வக்கீல் ஓடிப்போய்த் தான் எடை குறித்து எழுதாமல் வைத்திருந்த மூன்று தாளைக் கொண்டுவந்து போட்டாள். அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு கூடியிருந்தது. "மழைத் தண்ணியைத் தாள் குடிச்சிருக்குப்பா, எழுதாததும் குடிக்குது பாருங்க" என்றாள். பக்கத்தில் ஒன்றைத் தொடாமல் வைத்து ஒப்பிட வேண்டும் என்று இவளுக்கு எந்த வீடியோ சொன்னது? நான் எடைக்கல்லை வைத்துத் தராசு சோதிப்பதை, கதவு திறந்திருந்த நாட்களில் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். புதன்கிழமை வெயில், எடை இறங்கியது. மூன்றாம் தாள் மூலையில் உள்ள கறை, கொசு தாளுக்குத் தாகமா என்று நக்கிப் பார்த்தது. அது தனிக் கணக்கு.

வியாழக்கிழமை என் மனைவி, "நாளைக்குத் தேதிங்க. போடறதுன்னா இன்னிக்கே போட்டுடுங்க, நான் குறுக்க நிக்கல" என்றாள். செருப்பை மாட்டி வாசல்வரை போனேன். வக்கீல் பின்னாலேயே வந்தாள்.

"அதைப் போட்டுட்டா நாளைக்கு எதைப்பா எடை போடறது?"

நான் திரும்பிவந்து செருப்பைக் கழற்றினேன். மறதி இல்லை அக்கா, வேணும்னேதான் போடல. என்னைத் திட்டிக்கோங்க. அந்த ரெண்டு இடத்தையும் வரிசைல இருக்கிற பிள்ளைங்களுக்கே குடுத்துடுங்க.

அன்றைக்குச் சாயங்காலம் வக்கீலே வந்து, "தாளை எப்படிப்பா செய்வாங்க? அதுக்கு வீடியோ இருக்கா?" என்றாள். முதுகு காட்டி முணுமுணுக்கிற பெரியவரைப் போட்டேன், நான் நிராகரித்தேனே, அவரைத்தான். பதின்மூன்று இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். கொசுகூடத் தூங்கவில்லை. கேள்வி வருவதற்கு முன்னாலேயே நான் பதிலைத் தேடிக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உறையின்மேல் பச்சைச் சீட்டுக்குக் கீழே 'படிக்கும் முன் எடை போடவும்' என்று எழுதியிருப்பது வக்கீலின் கையெழுத்து. நீங்கள் வழக்கம்போலப் பார்க்காமல் கிழித்திருப்பீர்கள். பரவாயில்லை, மேலே கண்ட மூன்று தாளையும் பள்ளி ஆய்வகத்துத் தராசில் இப்போது போட்டு, அங்கே மழையா வெயிலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தப் பின்குறிப்புத் தாளைச் சேர்க்க வேண்டாம், இதில் இதுவரை ஏறின மை தனியாக ஒன்பது மில்லிகிராம். அனுப்பும்போது இருந்த எடை எங்களிடம் இருக்கிறது. ஒருத்தர் படிச்சு முடிச்சா கடிதத்தோட எடை குறையுமான்னு கொசு கேக்கறா. குறையாதுன்னு சொல்ல வாயெடுத்தேன், ஆனா நான் இன்னும் சோதிச்சுப் பாக்கல.