வாடகை டிரெய்லரும் மாப்பிள்ளை அழைப்பும்

எனக்குக் காரை முன்னால் ஓட்ட மட்டும்தான் தெரியும் என்பதை, என் கொழுந்தியா கல்யாணத்துக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னிலையில்தான் நானே தெரிந்துகொண்டேன்.

சிங்கப்பூரில் மோட்டார் கார் வந்தால் தெருவே கூடி வேடிக்கை பார்த்த காலம் அது. நான் தஞ்சோங் பகாரில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி. ஊர் திரும்பிய என் துரை, தன் பழைய காரை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். (மூன்று நாள் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தார். மூன்று நாளும் கடற்கரைச் சாலையில் நேராகவே போனோம்.)

கொழுந்தியா ராஜத்தின் கல்யாணம் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில். அண்டாக்கள், பெஞ்சுகள், பூசணிக்காய்கள் எல்லாம் சைனாடவுனில் மாமனார் வீட்டிலிருந்து வரவேண்டும்.

"மாட்டுவண்டி ஒண்ணு பேசுங்க" என்றாள் என் மனைவி கோகிலம்.

கார் வைத்திருப்பவன் வீட்டுச் சாமான் மாட்டுவண்டியில் வருவதா? ஜாலான் பெசாரில் மரைக்காயர் பட்டறையில், காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று நின்றது. பார்த்ததும் விலைக்கே வாங்கிவிடத் துடித்தேன்.

"வருஷத்துக்கு எத்தனை தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணப்போறோம்? வாடகைக்கு எடுங்க, போதும்" என்றாள் கோகிலம்.

"சொந்தமா இருந்தா விறகு ஏத்தலாம், ஊர் சாமானெல்லாம் ஏத்தலாம்..."

மரைக்காயர் சிரித்தார். "தம்பி, ஒரு நாள் வாடகைக்கு ஓட்டிப் பாருங்க லா. ஒத்துவந்தா வாங்கிக்குங்க."

என் திறமையையே சந்தேகப்படுகிறாரே என்று எனக்கு ரோஷம். கல்யாணத்தன்று சாயங்காலமே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி எடுத்து வந்தேன்.

கல்யாணக் காலை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ரிக்‌ஷாக்காரர்கள் ஒதுங்கி வழிவிட, அண்டாக்கள் கடகடக்க நான் வந்த வரவு இருக்கிறதே! அதே மிதப்பில் சந்துக்குள் நுழைந்து பந்தல் வாசல்வரை போய் நிறுத்தினேன்.

"ஐயா, சமையல் கொட்டகை சந்து முனையில! இங்க கொண்டாங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார் சமையல்காரர்.

பின்னால் எடுத்தேன். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போனது. வலது பக்கம் ஒடித்தால் இடது பக்கம் போனது. கோபத்தில் ஆக்சிலேட்டரை ஒரே அமுக்காக அமுக்கினேன். டிரெய்லர் சந்துக்குக் குறுக்கே திரும்பி, ஒரு சக்கரம் ஓரத்து லொங்காங் சாக்கடையில் இறங்கியது. பூசணிக்காய்கள் அதில் மிதந்தன.

அப்போதுதான் சந்து முனையில் நாதஸ்வரம் கேட்டது. மாப்பிள்ளை அழைப்பு!

முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. மாப்பிள்ளை வந்த குதிரை வண்டி நின்றது. நாதஸ்வரமும் நின்றது. மாமனார் என்னைப் பார்த்த பார்வையை எழுதிக்காட்ட எனக்குத் தெரியவில்லை. "நல்ல நேரம் போகுது!" என்று சம்பந்தியம்மா அழவே ஆரம்பித்துவிட்டார்.

மாப்பிள்ளை உலகநாதன் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர். மாலையைக் கழற்றித் தோழன் கையில் கொடுத்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, தயவுசெஞ்சு நீங்க எதையும் தொடாதீங்க."

அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கொக்கியைக் கழற்றி, நாலு பேரைக் கூட்டி, தானும் தோள் கொடுத்துத் தூக்கினார். டிரெய்லரின் அச்சு பட்டென்று முறிந்தது. அதை ஓரமாகச் சாய்த்துவிட்டு, காரைக் கையாலேயே தள்ளி வழி உண்டாக்கினார்கள். முகூர்த்தம் தப்பவில்லை. ஆனால் கை கழுவ நேரமில்லாததால் ராஜத்தின் மஞ்சள் தாலிக்கயிற்றில் கறுப்பு எண்ணெய்க் கறை. அவள் அதைப் பார்த்து மணவறையிலேயே களுக்கென்று சிரித்துவிட்டாள்.

விருந்துக்கு வந்த மரைக்காயர் சாக்கடை ஓரத்தில் தன் டிரெய்லரைப் பார்த்தார். சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வாங்குறதா வாடகையான்னு யோசிச்சீங்கல்ல தம்பி? இனி யோசிக்க வேணாம்."

வாங்கினேன். (அதற்குப் பிறகு அது எங்கேயும் போகவில்லை. கொல்லையில் கோகிலத்தின் கோழிகள் அதில் சௌகரியமாகக் குடியிருந்தன.)

சகலை உலகநாதனும் நானும் இன்றுவரை நல்ல சிநேகிதர்கள். ஆனால் எந்த விசேஷத்திலும் நான் பந்தியிலிருந்து எழுந்தால் போதும், "எல்லாரும் ஒதுங்குங்க, அண்ணன் பின்னால வர்றாரு!" என்று கத்திவிடுவார். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு என் சொந்தப் பெயரே தெரியாது. அவர்களுக்கு நான் ரிவர்ஸ் தாத்தா. பிள்ளைகள்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் கோகிலமும் அப்படித்தான் கூப்பிட்டாள்.