ஒற்றை எழுத்தில் ஒரு நல்ல பெயர்

தம் மகளை எவரும் பூனையாக்க விடுவதில்லை என்று நிகுஞ்சபிகாரி ஹால்தார் உறுதி பூண்டார்.

உறுதிக்குக் காரணம் உண்டு. வங்காளத்தில் பிறந்தவர்க்கெல்லாம் பெயர் இரண்டு. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் திருமண அழைப்பிதழுக்கும் உரியது நல்ல பெயர். வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுமைக்கும் உரியது கூப்பிடு பெயர். அதை யாரும் வைக்கலாம். வைத்தபின் எடுக்க யாராலும் ஆகாது. நிகுஞ்சபிகாரியின் கூப்பிடு பெயர் ஹூலோ. கடுவன் பூனை என்று பொருள்.

சென்ற மாதம் அவர் தம் மேலதிகாரியோடு அலுவலக வாசலில் கம்பீரமாக நின்றிருந்தார். அவ்வழியே போன சித்தப்பா ஒருவர், "டேய் ஹூலோ, சந்தையில இலிஷ் மீன் மலிவுடா, ஓடு" என்று கூவிவிட்டுப் போனார். அன்று முதல் மேலதிகாரி அவரோடு பேசும்போதெல்லாம் அவருடைய மீசையையே பார்த்துப் பேசலானார்.

குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பி, முதற்சோறு ஊட்டும் நாள் நெருங்கியபோது, அவர் மனைவி மந்தாகினியிடம் தம் முடிவை அறிவித்தார். அவள் அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நம்ம பொண்ணுக்குக் கூப்பிடு பேர் கிடையாது. ஒரே பேர். நல்ல பேர்."

"சரிங்க."

இந்தச் 'சரிங்க'வைக் கண்டால் அஞ்ச வேண்டும் என்பதை ஐந்தாண்டு இல்லறம் அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும். அவர் கற்கும் இனத்தவர் அல்லர்.

"ஆனா பேர் நீளமா இருந்தா வெட்டிடுவாங்களே" என்று மந்தாகினி ஒரு துண்டை வெட்டினாள். "நிகுஞ்சபிகாரின்னு ஏழு எழுத்து. பாதி வழியிலயே மூச்சு வாங்கித்தான் உங்க வீட்டுல பூனையைப் பிடிச்சுக்கிட்டாங்க. வெட்ட முடியாத பேரா, குட்டியா பாருங்க."

அவர் அகராதியோடு அமர்ந்தார்.

"உமா. மலைமகள். 'உ, மா', அதாவது 'வேண்டாம் மகளே, தவம் வேண்டாம்'னு பெத்தவ வடமொழியில தடுத்த சொல்லே பேரா நின்னுடுச்சு."

"பேரே வேண்டாம்னா, பால் குடிக்கவும் வேண்டாம்பா. போதாக்குறைக்கு நம்ம தெருப் பொம்பளைங்க பேச்சுக்குப் பேச்சு 'ஓ மா'ங்கறாங்க. ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு ஓடினா கால் தேஞ்சிடும்."

"இலா. பூமின்னு பொருள். வாக்குன்னும் சொல்லலாம்."

"ஒரு மாசம் ஆம்பளையாவும் ஒரு மாசம் பொம்பளையாவும் இருந்ததா புராணத்துல வருமே, அவளா?"

அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அவளேதான்.

"கல்யாணத்தை எந்த மாசம் வைக்கறது?" என்றாள் மந்தாகினி. "அதுவும் போக, இலாவை இலுன்னு சுருக்கிடுவாங்க. இன்னும் சின்னதா பாருங்க."

அவர் தேடினார். தேடியதில் இரண்டு எழுத்தும் தீர்ந்து ஒன்றே எஞ்சியது. முகம் மலர்ந்தது.

"ஸ்ரீ. ஒத்தை எழுத்து. திருமகள், செல்வம், அழகு, எல்லாம் அதுக்குள்ள அடக்கம். இதுல எதை வெட்டுவாங்க?"

"இதுக்கு மேல சுருக்கணும்னா வாயை மூடிக்கிட்டாத்தான் உண்டு" என்று மந்தாகினி ஒப்புக்கொண்டாள். "உங்க படிப்புக்கு ஏத்த பேரு. இதை விட்டு வேற பேரை நான் வைக்கமாட்டேன், யாரையும் வைக்கவும் விடமாட்டேன். போதுமா?"

மனைவியை வென்ற கணவனுக்கு அன்று இரட்டைப் பசி எடுத்தது. பூசணிக்காய்க் கூட்டை இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டார்.

முதற்சோற்று நாளன்று வீடு நிறைந்த உறவினர்முன் புரோகிதர் பெயரை அறிவித்தார். தாய்மாமன் பாயசம் ஊட்டினான். குழந்தை அதில் கொஞ்சத்தை உண்டு, மிச்சத்தை மூக்கிலும் புருவத்திலும் புதுப் பட்டிலும் பூசிக்கொண்டது. பக்கத்து வீட்டுக் கெந்தி அத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஓ மா, இது என்ன சிரி?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்ரீ என்ற வடசொல் வங்காள அடுக்களைக்குள் நுழைந்தால் சிரி ஆகிவிடும். திருமகளோடு அதற்கிருந்த உறவு வாசற்படியிலேயே அறுந்துபோய், 'கண்றாவிக் கோலம்' என்ற பொருளே மிஞ்சும். சாயம் போன சேலை, கோணல் கையெழுத்து, மழையில் நனைந்த மாப்பிள்ளை எல்லாவற்றையும் பார்த்து அங்கே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: என்ன சிரி இது? குழந்தையோ அந்தச் சொல்லைத் தமிழ்க் கட்டளையாகவே எடுத்துக்கொண்டது போல, இரண்டு பற்களும் தெரிய அத்தையைப் பார்த்துச் சிரித்தது.

"பாத்தியா, கூப்பிட்டா திரும்பறா" என்றாள் அத்தை. "அடி என் சிரி."

பாயசம் ஆறுவதற்குள் கூடம் முழுவதும் அவள் சிரி. இலை எடுப்பதற்குள் சிரு. விருந்தினர் விடைபெறும்போது சிருமணி. ஒற்றை எழுத்து நான்காகப் பெருகியிருந்தது.

"சத்தியம் பண்ணினியே" என்றார் நிகுஞ்சபிகாரி.

"நான் புதுசா என்னங்க வச்சேன்? ஸ்ரீயை நம்ம ஜனங்க வாயில போட்டா சிரிதான். அது நீங்க அகராதியில தேடி எடுத்த பேரு."

"இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நானும் இந்த ஊர்லதானே பொறந்தேன்? பெத்த பொண்ணை வாய் நிறையக் கூப்பிட ஒரு பேர் வேண்டாமா?"

நிகுஞ்சபிகாரி பணியவில்லை. முற்றத்தில் நின்று, இலக்கணம் வழுவாமல், "ஸ்ரீ" என்று உரத்து அழைத்தார். கெந்தி அத்தையின் கோழிகள் சிதறி ஓடின. மறுநாளும் அழைத்தார். "தம்பி, கோழி என்னப்பா பண்ணிச்சு? முட்டையே வைக்கமாட்டேங்குது" என்று அத்தை மதில்மேல் தலைநீட்டிக் கேட்டாள். அதன்பின் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மனத்துக்குள் மட்டும் ஸ்ரீ என்று சொல்லிப் பழகினார். மனமும் வங்காள மனம்தானே. அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் அவர் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். குடை பிடித்த பெண்மணி ஒருத்தி வந்து நின்றாள்.

"ஸ்ரீ ஹால்தார் வீடு இதுங்களா?"

நிகுஞ்சபிகாரி யோசித்தார். பெரியப்பா வீட்டையும் சித்தப்பா வீட்டையும் நினைவில் ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பெண்மணியை வீணாகக் காக்க வைக்கலாகாது.

"அப்படி யாரும் இங்க இல்லைம்மா. பின் தெருவுல ரெண்டு ஹால்தார் வீடு இருக்கு, அங்க கேட்டுப் பாருங்க."

அவள் நன்றி சொல்லிப் போனாள். மந்தாகினி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"யாருங்க அது?"

"யாரோ ஸ்ரீயைத் தேடிக்கிட்டுப் போகுது ஒரு அம்மா. அதை விடு. நம்ம சிருமணிக்கு இன்னிக்கு அம்மை ஊசி போட ஆள் வரணுமே, இன்னும் காணலியே?"

மந்தாகினி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த குடையைக் கைகாட்டினாள்.

"ஓடிப்போய் அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அவங்க தேடறது உங்க பொண்ணைத்தான்."