உங்கள் அக்காவை நான் ஆமை என்று சொன்னதாகச் சொல்லப்படுவது பற்றி

மதிப்பும் பாசமும் ஒருங்கே பெற்ற மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உங்கள் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. ஒன்பது நாளாக என் சமையலை நானே சாப்பிடுகிறேன், ஆகவே நலத்தைப் பற்றிய பேச்சையே விட்டுவிடுவோம். அங்கு நீங்களும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இருக்கத்தானே செய்வீர்கள், சமைக்கிறவள் அங்கே இருக்கிறாளே.

நான் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். நான் அவளை ஆமை என்று திட்டியதாக உங்களிடம் சொல்லியிருப்பாள். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு, நியாயத்தை எடுத்துச் சொல்லி, அவளை ஞாயிற்றுக்கிழமைக்குள் பஸ் ஏற்றி அனுப்பிவைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் மருந்து கொடுத்த கம்பவுண்டர் நான். ஓய்வு பெற்றபின் மருந்து கொடுக்க ஆள் கிடைக்காமல் தவிப்பது உங்களுக்கே தெரியும் (போன தடவை வந்திருந்தபோது நீங்கள் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்காமல் இல்லை). போன மாதம் காலையில் கடற்கரையில் நடக்கப்போன இடத்தில் ஒரு கடற்காகம் இறக்கையில் அடிபட்டுக் கிடந்தது. கிட்டே போனால், மூக்கு ஒழுகுகிறது! அலகு நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தலையை உதறுகிறது, மறுபடியும் ஒழுகுகிறது. நாள் பூரா நனைந்தால் ஜலதோஷம் பிடிக்காமல் என்ன செய்யும்? துண்டில் சுற்றி ஓட்டமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, குளியலறைக் கதவைச் சாத்தி, வாளியில் வெந்நீர் வைத்து ஆவி பிடிக்கச் சொன்னேன். அது என் கட்டைவிரலைப் பிடித்தது. சளியை முறிக்கட்டும் என்று உப்பு மீனாகப் போட்டேன், இன்னும் ஜாஸ்தியாக ஒழுகியது. இறகெல்லாம் வேறு எண்ணெய்ப் பிசுக்கு. சரி, அழுக்குதான் வியாதிக்கு மூலம் என்று முடிவுகட்டி, உங்கள் அக்காவின் ஷாம்புவை ஒரு பாட்டில் பூராவும் கொட்டித் தேய்த்துக் குளிப்பாட்டித் தொட்டியில் விட்டேன். கடலில் பிறந்து வளர்ந்த பறவை, என் வீட்டுத் தொட்டியில் முங்குகிறது ஐயா! உங்கள் அக்காதான் ஓடிவந்து தூக்கித் தன் கம்பளிப் போர்வையில் சுற்றினாள். “ஏங்க, மனுஷங்களுக்குக் கொடுத்தது போதாதுன்னு இதுக்குமா?” என்றாள்.

அப்படியே போர்வையோடு கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். “சார், இதுக்குச் சளியே இல்லை. கடல் தண்ணி குடிச்சா உப்பு உள்ள போகும்ல? கண்ணுக்கு மேல ஒரு சுரப்பி இருக்கு, அதிகப்படி உப்பைப் பிரிச்சு மூக்கு வழியா வெளிய தள்ளுது. நீங்க உப்பு மீனாப் போட்டா ஒழுகத்தான் செய்யும். வாலடியில ஊறுற எண்ணெயை அலகால எடுத்து இறகுல பூசிக்கிட்டாத்தான் தண்ணி ஒட்டாது. அதைப் போய் ஷாம்பு போட்டு…” என்றவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பறவையை என்னிடம் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார், போர்வையும் அதோடு போயிற்று.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்பவுண்டரே தேவைப்படாத உடம்பு! டாக்டரம்மாவிடம் புத்தகம் இரவல் வாங்கிப் படித்தேன். கரையில் நடமாடிய பிராணிகளின் வம்சம் கடலுக்குக் குடிபோயிருக்கிறது, அடேயப்பா, என்ன சாமர்த்தியம்! ஆமைக்குக் கால் துடுப்பாகிவிட்டது. கடல்பாம்புக்கு வால் தட்டை, உப்பைக் கழிக்க நாக்கடியில் சுரப்பி. பெங்குவின் பறப்பதையே விட்டுவிட்டு இறக்கையால் நீந்துகிறது. கடலுக்குள் போய்ப் பாசி தின்கிற பெரிய ஓணான் ஒன்று உப்பைத் தும்மியே வெளியேற்றுகிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு சும்மா இருக்க முடியுமா? எதிர்வீட்டுக்காரர் என்னைக் கண்டால் ஜன்னலைச் சாத்துகிறார். முடிவெட்டுகிறவர், ஓணான் தும்முகிற இடம் வந்ததும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு இடது பக்கம் இன்னும் பாக்கி.

இதோ பார் மாப்பிள்ளை, ‘நீங்கள்’ போட்டு எழுதி எனக்குக் கை வலிக்கிறது. அன்றைக்குப் புதன்கிழமை. பெங்குவினின் எலும்பு கெட்டியானது, முங்குவதற்கு வசதி என்று சொல்லலாமே என்று சமையலறைக்குள் போனேன். உன் அக்கா ஜன்னலோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை, பார்த்தேன். வேறு ஒருத்தனாக இருந்தால் பதறியிருப்பான். எனக்குத்தான் விஷயம் தெரியுமே! “அழு, நல்லா அழு. அதிகப்படி உப்பு வெளிய போகட்டும். கடலாமையும் முட்டை போடக் கரைக்கு வர்றப்ப இப்படித்தான் கண்ணீர் விடும். பாக்கிறவங்க துக்கம்னு நினைப்பாங்க. ஒண்ணுமில்ல, வெறும் உப்பு” என்றேன். ஆறுதலாகத்தானப்பா சொன்னேன். “என்ன சொன்னீங்க?” என்றாள். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, கடல்பாம்பையும் சேர்த்து முதலிலிருந்து மறுபடி சொன்னேன். பீரோவைத் திறந்து புடவைகளை எடுத்துப் பையில் வைத்தாள். “அந்தக் காக்காவுக்கு மூக்கு ஒழுகினப்ப துண்டை எடுத்துக்கிட்டு ஓடினீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இதற்கு என்ன அர்த்தம்? அது சிகிச்சை, இது வேறு.

ஆகவே என் பேரில் தப்பில்லை என்று நீயே எடுத்துச் சொல். உன் பிள்ளைகள் இருமலும் தும்மலும் அண்டாமல் நூறாண்டு வாழட்டும், அப்படியே அண்டினாலும் முதலில் எனக்குத் தெரிவிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு குற்றமும் செய்யாத உன் அக்காள் கணவன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். பறவைக்கு மூக்கு ஒழுகுவது ஏன், ஆமை அழுவது ஏன், ஓணான் தும்முவது ஏன், எல்லாம் இருக்கிறது. உன் அக்கா அன்றைக்கு ஏன் அழுதாள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. எழுத மறக்கவில்லை மாப்பிள்ளை. எனக்குத் தெரியாது, நான் கேட்கவே இல்லை. அவளை அனுப்ப வேண்டாம். நீயும் கேட்டுவைக்காதே, கேட்க வேண்டியவன் நான். காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் ஒரு வார்த்தை பேசினால், நீயே என் வாயைப் பொத்திவிடு.