சேர்மன் பாயின் சம்பள டீம்

பம்பாய்த் தீவில் சேர்மன் பாயைப் போல் இன்னொரு கிறுக்கர் பிறக்கவில்லை. மறுப்பவன் நேரில் வரட்டும். எந்தச் சங்கத்துக்கும் அவர் சேர்மன் இல்லை. தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். அங்கே இருந்த ஒரே நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார், அவ்வளவுதான்.

அறுபதுகளில் நாங்கள் ஏழு பேர் பக்கத்துத் தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று தோல் அலசினோம். சுண்ணாம்பு எங்கள் கால்களைத் தின்றது. ஞாயிற்றுக்கிழமை கபடி ஆடுவோம். தோற்றதே இல்லை.

ஆட்டத்தைப் பார்த்து பாய் அசந்து போனார். “ஏலே, கூலிக்குப் பாடுறவன் இருக்கான். கூலிக்குக் கபடி ஆடுனா என்ன? நாளையிலருந்து குழியில எறங்காதிய. சம்பளம் நான் தாரேன்.”

சம்பளத்தோடு ஆளுக்கொரு பனியன், சந்தன சோப்பு. காலையும் மாலையும் குளியல் கட்டாயம். குழாயடியில் அவரே நின்று மேய்ப்பார். “காதுக்குப் பின்னால தேயும் வே.”

மணக்க மணக்க மாட்டுங்காவுக்குப் போனோம். தோற்றோம். ஆண்டாப் ஹில்லில் தோற்றோம். கோவண்டியில் பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் தோற்றோம்.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் எங்கள் ஏழு பேரில் ஒருவனான செல்லையா. “பாய், முந்தி நம்ம நாத்தத்துக்கு ஒரு பய தொடமாட்டான். ‘தூ பகட், தூ பகட்’னு, நீ பிடி நீ பிடின்னு ஒருத்தன ஒருத்தன் தள்ளுவான். இப்ப கல்யாண வீட்டுல மாதிரில்லா கட்டிப் பிடிக்கான்.”

உண்மைதான். பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் உட்காராத துரைமார்தான் மைதானத்திலும் எதிரே நின்றார்கள். மூக்கைப் பொத்துகிறவன் எந்தக் கையால் காலைப் பிடிப்பான்?

அடுத்த ஞாயிறு ஒரு மில் டீமோடு கப்புக்கான ஆட்டம். எங்கள் சம்பளம் பட்டறையையே விழுங்கிக்கொண்டிருந்தது. இதிலும் தோற்றால் டீமைக் கலைத்துவிடுவேன் என்று பாய் சொல்லிவிட்டார். கலைத்தால் எங்களுக்குக் குழிதான் கதி.

“ஒரு வாரம் குழியில எறங்கிட்டு வாரோம் பாய்,” என்றான் செல்லையா. “சோப்பு வேண்டாம். மில்லுக்காரன் ஓடிருவான்.”

“ஜெயிச்சிருவியளா?”

“கண்டிப்பா.”

பாய் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“அப்படி ஒரு கப்பு எனக்கு வேண்டாம்லே. தோத்துட்டு வாங்க. போகும்போது குளிச்சிட்டுப் போங்க.”

சொன்னபடியே குளித்தோம், தோற்றோம். டீம் கலைந்தது. மறுநாள் குழிக்குக் கிளம்பிய எங்களை வழிமறித்து, பட்டறைக்குள் தள்ளி, கையில் ஊசியைத் திணித்தார். ஒருத்தனுக்கும் தைக்கத் தெரியாது. வாய் ஓயாமல் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தார்.

நான் தைத்த முதல் பைக்கு வார் கோணல். எவனும் வாங்கவில்லை. பாய் அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் கடைசிவரை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனார்.